2004-ல எழுதின ஆசைப் பட்டியல்: இப்ப எதை அடிக்கிறது, எதை வெச்சுக்கறது?

பவானிக்கரையான் | 6 ஜூலை 2025, இரவு 9.42

போன திங்கட்கிழமை ரிட்டையர் ஆனேன். பொன்னாடை பன்னெண்டு, சுவர்க் கடிகாரம் மூணு. பென்சன் பேப்பருக்காக பீரோ மேல இருந்த தகரப் பெட்டியை இறக்கினப்ப 2004-ம் வருச டைரி ஒண்ணு கைல சிக்குச்சு. கடைசிப் பக்கத்துல ரெண்டு கோடு போட்டு ஒரு தலைப்பு: "2023-க்கு மேல் செய்ய வேண்டியவை". என் கையெழுத்துதான்.

அப்ப எனக்கு 39. அரசு வேலைல ஓய்வு வயசு 58-ங்கறதால 2023. அப்புறம் 2020-ல 59 ஆக்கினாங்க, மறு வருசம் 60. ஆக தலைப்பே ரெண்டு வருசம் தப்பாப் போச்சு. உள்ள இருக்கறது அதைவிட வேடிக்கை.

மொத்தம் பதினாலு. புல்லட் வாங்கி கன்னியாகுமரி போகோணும். குடும்பத்தோட ஊட்டி ரயில். கயிலாயம். நீச்சல் கத்துக்கோணும் (பவானி ஆத்தங்கரையில பொறந்து நீச்சல் தெரியாதவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்). குறிஞ்சிப்பூ பாக்கோணும், பக்கத்துல பென்சில்ல 2006. பொண்ணை டாக்டராக்கோணும். பையன் பேர்ல இடம். சிங்கப்பூர். ஊர்ல திண்ணை வெச்ச வீடு. இப்படியே போயி, 14-ல "தம்பி"ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல ஒண்ணுமில்லை. பேனாவை அங்கயே வெச்சு அழுத்தியிருப்பேன் போல, மை ஊறி அடுத்த பக்கத்துலயும் புள்ளி விழுந்திருக்குது.

பொண்ணு டாக்டர் ஆகலை, ஆர்க்கிடெக்ட். சந்தோசமாத்தான் இருக்கா. இடம் வாங்கியாச்சு, பையன் அதை வித்து சென்னைல பிளாட் வாங்கிட்டான். குறிஞ்சி 2006-ல பாத்திருக்கலாம். அக்டோபர் பூரா உள்ளாட்சித் தேர்தல் வேலை. 2018-ல லீவு போட்டு மூணாறு கிளம்பறதுக்குள்ள ஆகஸ்ட் வெள்ளத்துல ரோடே போயிருச்சு. அடுத்தது 2030.

வீட்டம்மா கண்ணாடியை மாட்டிட்டு முழுசாப் படிச்சா. "ஏனுங்க, இதுல நா எங்கீங்க இருக்கறன்?"னு கேட்டா. பதில் சொல்லத் தெரியலை.

இங்க இந்த மாதிரி பழைய பட்டியலை எடுத்து வெச்சுத் திருத்தினவங்க யாராச்சும் இருக்கீங்களா? எப்படிச் செஞ்சீங்க?

---

கணக்குப்புள்ள | 6 ஜூலை 2025, இரவு 10.15

வாழ்த்துகள் சார். ஒரே ஒரு விசயம். பணிக்கொடை கைக்கு வந்ததும் ஆசைக்கான காசைத் தனியா ஒதுக்கிடுங்க. தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 30 லட்சம் வரைக்கும் போடலாம், இப்ப வட்டி 8.2. முழுசாப் போட்டா மூணு மாசத்துக்கு 61,500 வரும். அதுல ஒரு பங்கை ஊர் சுத்தறதுக்குன்னு வெச்சுட்டா யாரையும் கேக்க வேண்டியதில்லை. ஒரே அக்கவுண்ட்ல கிடந்தா பேரன் பள்ளிக்கூட பீஸுக்குப் போயிரும். என் மாமனாருக்கு அப்படித்தான் ஆச்சு.

---

குறுக்குக்_கேள்வி | 7 ஜூலை 2025, காலை 6.50

தப்பா நினைக்காதீங்க. இந்த பக்கெட் லிஸ்ட் சமாசாரமே எனக்குப் பிடிக்கறதில்லை. வேலைல இருக்கும்போது டார்கெட், ரிட்டையர் ஆன பிறகும் டார்கெட்டா? எங்க தாத்தா எந்த லிஸ்ட்டும் போடலை. சாயங்காலம் வேப்பமரத்தடியில கட்டிலைப் போட்டு உக்காந்தாரு, போற வர்றவங்ககிட்ட பேசினாரு, 84 வயசுல போய்ச் சேர்ந்தாரு. டைரியை பேப்பர்காரருக்குப் போடுங்க சார்.

---

சுந்தரி டீச்சர் | 7 ஜூலை 2025, மாலை 5.20

குறுக்குக்கேள்வி தம்பி, உங்க தாத்தா லிஸ்ட் போடலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க பாட்டியைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

நம்ம ஊர்ல லிஸ்ட் இல்லைன்னும் சொல்ல முடியாது. ராமேஸ்வரத்துல மண் எடுத்து, பிரயாகையில கரைச்சு, காசிக்குப் போயி, கங்கைத் தண்ணியைத் திரும்ப ராமேஸ்வரத்துக்குக் கொண்டாந்து சேர்க்கணும்னு என் மாமியார் முப்பது வருஷம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. காசியில ஒரு காயும் ஒரு பழமும் விட்டுட்டு வரணும்னு வழக்கம். எல்லாரும் பாகற்காயை விடுவாங்க, ஏமாத்து வேலை. மாமியார் பிடிச்ச மாம்பழத்தையே விட்டாங்க. அடுத்த சித்திரையில எங்க வீட்டுல நாங்க எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு மாம்பழம் சாப்பிட்டோம்.

என் விஷயத்துக்கு வர்றேன். 2019-ல ரிட்டையர் ஆனதும் நானும் எழுதினேன், ஒன்பது. வருஷா வருஷம் போகி அன்னைக்கு எடுத்துப் பார்த்துத் திருத்துறது. பழைய பாயும் முறமும் வெளியே போற நாள், இதுக்கும் தோதா இருந்துச்சு. 2022-ல அவர் தவறிட்டார். அடுத்த போகிக்கு எடுத்தப்பதான் கவனிச்சேன், ஒன்பதுல ஆறு "நாங்க"ன்னு ஆரம்பிக்குது. அந்த வருஷம் எதையும் அடிக்கலை. நோட்டை மூடி வெச்சுட்டேன். அதுக்கடுத்த போகிக்குத்தான் பேனா எடுத்தேன். ஆறுல ரெண்டை "நான்"னு மாத்தினேன், நாலை அடிச்சேன்.

மிச்சமிருந்ததுல ஒண்ணு, கல்வெட்டுப் படிக்கக் கத்துக்கறது. தஞ்சாவூர்ல இருந்துக்கிட்டு பெரிய கோயில் சுவரை வெறும் சுவரா முப்பத்தஞ்சு வருஷம் பார்த்திருக்கேன், பசங்களை வருஷா வருஷம் சுற்றுலா கூட்டிட்டுப் போயி. இப்ப ஞாயித்துக்கிழமை காலையில நாலு பேர் போறோம். முதல் மூணு மாசம் "ஸ்வஸ்திஸ்ரீ" மட்டும்தான் தெரிஞ்சுது. கஷ்டம் எதுலன்னா, கல்வெட்டுல மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. "க"வா "க்"கான்னு நாமளே யோசிச்சுக்கணும். ராஜராஜன் தானங்களைச் சொல்ற இடத்துல "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்"னு வரும். எல்லாப் புத்தகத்துலயும் இருக்கற வரிதான். ஆனா "அககன"ன்னு எழுத்துக்கூட்டி, அது அக்கன்னு பிடிபட்ட நிமிஷம், அம்பது வயசுப் பையன் ஒருத்தர் எங்க குழுவுல உண்டு, அவர் கை தட்டினார். காவலாளி வந்து என்னாச்சுன்னு கேட்டார்.

பவானிக்கரையான் ஐயா, பொண்ணு டாக்டர், பையன் இடம் ரெண்டையும் முதல்ல அடிங்க. அது உங்க பட்டியலே கிடையாது. மத்ததை நிதானமாப் பாருங்க. உத்தரமேரூர்ல பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு தெரியும்ல? 919-ல வாரியத்துல நிக்க வயசு 30-லேர்ந்து 60-ன்னு வெச்சாங்க. ரெண்டே வருஷத்துல 921-ல அதைத் திருத்தி 35-லேர்ந்து 70-ன்னு ஆக்கிட்டாங்க. கல்லுல வெட்டினதையே திருத்தியிருக்காங்க, டைரி என்ன.

---

நைட் டியூட்டி | 9 ஜூலை 2025, அதிகாலை 3.12

பேருக்கேத்த நேரத்துல எழுதறேன். மதுரைல ஐ.சி.யூ. நர்ஸ், 21 வருஷ சர்வீஸ்.

சார், எல்லாரும் காசு எவ்வளவுன்னு பார்த்து வரிசைப்படுத்துவாங்க. நீங்க முட்டியைப் பார்த்து வரிசைப்படுத்துங்க. ஏறி இறங்கற வேலை எல்லாம் மேல வரட்டும். சிங்கப்பூர் எங்கயும் போகாது, வீல்சேர்ல கூட பார்க்கலாம். கயிலாயத்துக்கு அரசு யாத்திரையில 70 வயசு வரைக்கும்தான், அதோட உடல் பருமன் அளவு (பி.எம்.ஐ.) 25-க்குள்ள இருக்கணும். 2020-லேர்ந்து நின்னு போயிருந்தது இந்த வருஷம்தான் திரும்ப ஆரம்பிச்சிருக்கு. கரோனாவுக்கு முன்னாடி "அடுத்த வருஷம்"னு தள்ளிப்போட்டு இப்ப 71 ஆன ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. யாரும் எழுதாத ஆசை ஒண்ணு இருக்கு: எனக்கு என்ன வேண்டாம்ங்கறது. கடைசி கட்டத்துல வென்டிலேட்டர் வேணுமா, எது வரைக்கும், அதை யார் முடிவு பண்ணணும். நான் பார்க்கற குடும்பங்கள்ல மூத்த மகன் ஒண்ணு சொல்வார், அமெரிக்காவுல இருக்கற பொண்ணு போன்ல இன்னொண்ணு சொல்லும், படுத்திருக்கறவருக்கு என்ன இஷ்டம்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. 2018 மார்ச்ல உச்ச நீதிமன்றம் இதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு சொல்லிடுச்சு. முதல்ல மாஜிஸ்திரேட் முன்னாடின்னு இருந்ததால ஒருத்தரும் போகலை. 2023-ல அதை எளிசாக்கி, ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லேன்னா கெசட்டட் ஆபீசர் கையெழுத்துப் போதும்னு ஆக்கினாங்க. நீங்க இருந்த ஆபீஸ்லயே முடிஞ்சிரும். கண் தானம் எழுதி வெச்சிருந்தா வீட்டுல சொல்லியும் வைங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், பீரோவைத் திறந்து பேப்பர் தேடிக்கிட்டிருக்க முடியாது.

பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. பெட் நம்பர் 4 அலாரம் அடிக்குது, அப்புறம் வர்றேன்.

---

பவானிக்கரையான் | 12 ஜூலை 2025, பகல் 11.05

எல்லாத்துக்கும் நன்றிங்க. டீச்சர் சொன்னபடி ரெண்டை அடிச்சேன். அடிக்கறப்ப கை கொஞ்சம் தயங்குச்சு, ஏன்னு தெரியலை. புல்லட்டையும் அடிச்சேன். 39 வயசுல எனக்கு வேண்டியிருந்தது வண்டி இல்லீங்க, பெரிய தோள்பட்டை. வண்டியைக் கடைல போயி ஒரு தடவை ஸ்டேண்டுல இருந்து இறக்கிப் பாத்தேன். போதும்.

திண்ணை வெச்ச வீடு சிக்கல். ஊர்ல எனக்கு வர்ற பாகத்துல கட்டினா யார் வந்து இருப்பா? திண்ணை மட்டும் கட்டலாமான்னு யோசிக்கறேன்.

ஊட்டி ரயில் இருக்குது. மேட்டுப்பாளையத்துல காலைல 7.10-க்குக் கிளம்பும். 46 கிலோமீட்டருக்கு உச்சி வெயில் வரைக்கும் ஏறும். கல்லாறு தாண்டினதும் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வற சத்தம், எங்க அப்பா கூட ஏழு வயசுல கேட்டது, இன்னும் காதுல இருக்குது. அதை "குடும்பத்தோட"ன்னு எழுதியிருக்கேன். குழந்தைக அப்பச் சின்னது. இப்ப நாலு பேருக்கும் ஒரே நாள் லீவு கிடைக்கோணும்னா குறிஞ்சி பூக்கறதே சீக்கிரம் வந்துரும். ரெண்டு டிக்கெட்டா மாத்திட்டேன்.

வீட்டம்மாகிட்ட ஒரு நோட்டைக் குடுத்து "நீயும் எழுது"ன்னேன். "எழுதறதுக்கு என்னங்க இருக்குது"ன்னு வாங்கி வெச்சுட்டா.

---

குறுக்குக்_கேள்வி | 12 ஜூலை 2025, பகல் 11.40

எல்லாம் சொன்னீங்க. 14?

---

பவானிக்கரையான் | 12 ஜூலை 2025, பகல் 11.58

அதை விடுங்க.

---

வலிகாமத்தான் | 19 ஜூலை 2025, இரவு 8.30

வணக்கம் அண்ணை. கனடா ஸ்காபரோவில இருந்து எழுதுறன். உங்கட இழையை இரண்டு நாளா வாசிச்சுக்கொண்டிருக்கிறன்.

எங்கட ஊர் யாழ்ப்பாணத்தில வலிகாமம் வடக்கு. 90 ஆம் ஆண்டு ஆனி மாதம் ஊரே வெளிக்கிட்டது, காணி ராணுவத்தின்ர உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போட்டுது. நான் இங்க வந்து ஒரு பக்டரியில இரவு வேலை செய்த காலத்தில, சாப்பாட்டு இடைவேளையில ஒரு மட்டையில எழுதினது என்ர பட்டியல். மூண்டே மூண்டு. ஊருக்குப் போய் வீடு கட்டி இருக்கிறது. எங்கட கிணத்தில அள்ளிக் குளிக்கிறது. யாழ்தேவி ரயிலில கொழும்பில இருந்து காங்கேசன்துறை மட்டும் போறது.

மூண்டாவது நடக்குமெண்டு நான் நினைக்கவேயில்லை. ஆனா 2014 ஐப்பசியில யாழ்ப்பாணம் மட்டும் ஓடத் தொடங்கி, 2015 தையில காங்கேசன்துறைக்கே வந்திட்டுது. 2016 இல காணியை விட்டவை. போனன். கூரை இல்லை, யன்னல் நிலை இல்லை, முத்தத்தில நிண்ட மாமரம் இல்லை. பனை நிண்டது. கிணத்துக் கட்டு உடைஞ்சு உள்ள விழுந்திருந்தது. நாலு நாள் ஆள் பிடிச்சு இறைச்சு, மண் எடுத்து, குளோரின் போட்டு, ஐஞ்சாம் நாள் அள்ளிக் குளிச்சன். ஒரு வாளி, இரண்டு வாளி, பத்து வாளி. மனுசி வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டவ, பிறகு நிப்பாட்டிப் போட்டா.

முதலாவதைத்தான் திருத்த வேண்டி வந்தது. பிள்ளையள் வரமாட்டினம், அது நியாயம்தானே, அவைக்கு இதுதான் ஊர். எனக்கும் இருதய டொக்டர் இங்க. ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி தொடர்ந்து வேணுமெண்டால் 12 மாதத்தில 212 நாளுக்கு மேல வெளியில நிக்கேலாது. அதால "போய் இருக்கிறது" எண்டதை வெட்டிப்போட்டு "பனிக்கு மூண்டு மாதம்" எண்டு எழுதினன். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு கக்கூஸ், அவ்வளவுதான் கட்டினது. கட்டி முடிச்ச அண்டைக்குக் கவலையாத்தான் இருந்தது, பொய் சொல்லேலாது. முப்பது வருசமா மனதில கட்டின வீட்டுக்கு எட்டு அறை.

இப்ப நாலாவதா ஒண்டு சேர்த்திருக்கிறன். காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடுது. எங்கட அப்பு அந்தக் காலத்தில சிதம்பரத்துக்கு ஆருத்திரா தரிசனத்துக்குப் போய் வந்தவர். அதே மாதிரி ஒருக்கா.

---

ஆரணி_பொண்ணு | 2 ஆகஸ்ட் 2025, மாலை 7.15

எல்லாரும் பெரியவங்களா இருக்கீங்க, நான் 31. அப்பா போன மாசம் பேங்க்ல ரிட்டையர் ஆனார். நானும் அண்ணனும் சேர்ந்து அவருக்கு ஒரு ஆசைப் பட்டியல் டிசைன் பண்ணி பிரேம் போட்டுக் குடுத்தோம். முதல் ஐட்டம் ஐரோப்பா, 12 நாள். அட்வான்ஸே கட்டிட்டோம். "நல்லா இருக்கும்மா"ன்னார். முகம் நல்லா இல்லை. பிரேமை டிவி பக்கத்துல மாட்டினேன், மறுநாள் அது பூஜை ரூம்ல கேலண்டருக்குப் பின்னாடி இருக்கு. என்ன பண்றது?

---

சுந்தரி டீச்சர் | 2 ஆகஸ்ட் 2025, இரவு 8.02

அடுத்தவங்க ஆசையை நீ எழுதிக் குடுத்தா அது வீட்டுப்பாடம் மாதிரி ஆயிடும் கண்ணு. அறுபதாம் கல்யாணத்துக்கு எங்களைத் திருக்கடையூர் கூட்டிட்டுப் போனாங்க பிள்ளைங்க. வெயில்ல கலசம் கலசமா தலையில தண்ணி ஊத்தி, வீடியோ லைட் போட்டு, அவருக்குக் காய்ச்சலே வந்துடுச்சு. யாருக்குத்தான் ஆசைன்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. நாங்களும் சொல்லலை, அது எங்க தப்பு.

அப்பாவை நேருக்கு நேர் கேக்காதே. எங்கயாவது பஸ்ல பக்கத்துல உக்காந்து போறப்ப கேளு. முகம் பார்க்காம இருந்தா ஆம்பளைங்க பேசுவாங்க.

---

நெறியாளர் | 3 ஆகஸ்ட் 2025, காலை 9.00

இந்த இழையில் வந்த இரண்டு சுற்றுலாப் பேக்கேஜ் விளம்பரங்களும் ஒரு ரிட்டையர்மென்ட் வில்லா விளம்பரமும் நீக்கப்பட்டன. இனி வந்தால் கணக்கே முடக்கப்படும்.

---

ஆரணி_பொண்ணு | 14 செப்டம்பர் 2025, இரவு 10.40

டீச்சர், பஸ் வேலை செஞ்சுது!! வேலூர் போற வழியில கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னார்: "நான் வேலை பார்த்த ஊரெல்லாம் ஒருதடவை போய்ப் பார்க்கணும்."

மொத்தம் 11 ஊர். டிரான்ஸ்பர் வேலைங்கறதால மூணு வருஷத்துக்கு ஒரு ஊர், ஒரு வாடகை வீடு. நான் பொறந்தது கமுதியில, எனக்கு நினைவே இல்லை. ஐரோப்பா அட்வான்ஸ்ல பாதி போச்சு, போகட்டும். இதுவரைக்கும் பென்னாகரமும் கமுதியும் முடிச்சோம். கமுதியில நாங்க இருந்த வீடு இப்ப ஜெராக்ஸ் கடை. அப்பா உள்ள போயி, "இந்த மூலையிலதான் ஸ்டவ் இருந்துச்சு"ன்னு லேமினேஷன் மெஷினைக் காட்டறார். கடைக்காரப் பையன் ஒண்ணும் புரியாம எழுந்து நின்னு வழி விட்டான். வெளியே வந்து டீ குடிக்கறப்பதான் சொன்னார், எனக்கு முன்னாடி ஒரு குழந்தை அந்த வீட்டுல பொறந்து பன்னெண்டு நாள் இருந்துச்சுன்னு. அம்மாவும் இதுவரைக்கும் சொன்னதில்லை.

இன்னும் 9 ஊர் இருக்கு.

---

பவானிக்கரையான் | 19 அக்டோபர் 2025, மாலை 4.25

நாளைக்குத் தீபாவளி. வீட்டுல முறுக்கு சுடறாங்க, நான் இடைஞ்சலா இருக்கறேன்னு வெளிய அனுப்பிட்டாங்க. திண்ணை இல்லாததால மாடிப்படியில உக்காந்து எழுதறேன்.

நீச்சல் பத்திச் சொல்றேன். ஆகஸ்ட்ல டவுன்ல ஒரு நீச்சல் குளத்துல சேந்தேன். காலைல ஆறு மணி பேட்ச். எல்லாம் பத்து வயசுப் பையங்க. ஜட்டி, தொப்பி, கண்ணாடின்னு மாட்டிட்டு நான் நின்ன நிலைமையை விடுங்க. பதினஞ்சு நாள் ஓரத்துக் கம்பியைப் புடிச்சுட்டு காலை உதைச்சதுதான் மிச்சம். கம்பியை விடச் சொன்னாங்க, விடலை. நின்னுட்டேன்.

புரட்டாசில அம்மா திதி. எப்பவும் நான் காலைல போயி கும்பிட்டுட்டு வந்துருவேன், தம்பி மத்தியானம் வருவான், அப்படி ஒரு ஏற்பாடு, யாரும் பேசி வெச்சதில்லை. இந்தத் தடவை நான் ரிட்டையர் ஆனவன், அவசரமில்லை, உக்காந்துட்டேன். அவன் வந்தான். ரெண்டு பேரும் தட்டுல இருந்த வடையைப் பாத்துட்டே இருந்தோம். எந்திரிச்சுப் போறப்ப செருப்பை மாட்டிட்டே சொல்றான்: "டவுன்ல காசு குடுத்து நீச்சல் கத்துக்கறயாமா? கெணறு இருக்குதல்ல."

22 வருசத்துல என்கிட்டப் பேசின முதல் வார்த்தை. இந்தக் கெணறுதான் காரணம். பாகம் பிரிச்சப்ப கெணறு பொதுவுல நின்னுது, எனக்கு மூணு நாள் முறை, அவனுக்கு நாலு நாள். இலவச கரண்ட் சர்வீஸ் ஒண்ணுதான், அது யார் பேர்ல இருக்கோணும்னு ஆரம்பிச்சது. பேசினதெல்லாம் இங்க எழுத முடியாதுங்க. நானும் அப்ப ஆபீஸ்ல இருக்கற திமிர்ல பேசினவன்தான்.

மறு சனிக்கிழமை போனேன். கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி போயிட்டிருக்கறதால கசிவுல கெணறு நல்லா ஏறியிருக்குது, பதினாலு படி முழுகி இருக்குது. எங்க காலத்துல சுரைப்புருடையைக் கட்டி உடுவாங்க, இப்ப எண்ணெய் கேன். மூடியை இறுக்கி மெழுகு ஊத்தி, கயித்தைக் கோத்து முதுகுல கட்டிவுட்டான் தம்பி பேரன், ஒம்பது வயசு. முடிச்சுப் போடறப்ப "பெரிய தாத்தா, வயித்தை உள்ள இழுங்க"ங்கறான். கல்லுப்படியில பாசி. கடைசிப் படில நின்னு தண்ணிக்குள்ள பாத்தா அடி தெரியலை, பச்சையா ஆகாசம் தெரியுது, மோட்டார் பைப் ஒண்ணு நேரா உள்ள போகுது. தம்பி மேல தொட்டிச் செவுத்துல உக்காந்து பீடி பத்த வெச்சுட்டு இருந்தான், இந்தப் பக்கமே பாக்கலை.

பையன் ஒரே தள்ளு. மூக்கு வாயெல்லாம் தண்ணி, காதுல டமடமன்னு சத்தம். கேன் இழுத்து மேல கொண்டாந்துருச்சு. கண்ணைத் தொறந்தா தம்பி மூணாவது படில நிக்கறான், வேட்டியோட, கை நீட்டிட்டு. பீடி தண்ணில மிதக்குது.

நாலு சனிக்கிழமை ஆச்சு. இப்ப ஒரு கேனை அவுத்தாச்சு, இன்னொண்ணு இருக்குது. இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுத்துக்குப் போயிருவேன், திரும்பி வர்றது இன்னும் வரலை, பைப்பைப் புடிச்சுக்குவேன்.

வீட்டம்மா நோட்டைத் திருப்பிக் குடுத்தா. கடைசில பால் கணக்கு எழுதற பக்கத்துல மூணு எழுதியிருக்கறா. "சின்னவ வீட்டுல பத்து நாள் இருக்கோணும். நீங்க வரக்கூடாது." "சைக்கிள்." "காலைல எந்திரிச்சா காப்பி ரெடியா இருக்கோணும்." மூணாவது எனக்குப் போட்ட வேலைன்னு புரிஞ்சுது. முதல் நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திருச்சு. இப்பப் பரவாயில்லை, டிகாசன் மட்டும் இன்னும் தண்ணியாத்தான் வருது, குடிச்சுட்டு ஒண்ணும் சொல்றதில்லை.

---

கணக்குப்புள்ள | 19 அக்டோபர் 2025, மாலை 5.10

சார் கயிலாயம் என்னாச்சு? உயரமும் எடையும் சொல்லுங்க, கணக்குப் போட்டுத் தர்றேன்.

---

பவானிக்கரையான் | 19 அக்டோபர் 2025, மாலை 5.31

168 சென்டிமீட்டர். 81 கிலோ. முறுக்குக்கு முன்னாடி.

---

கணக்குப்புள்ள | 19 அக்டோபர் 2025, மாலை 5.36

25-க்குள்ள வரணும்னா 70 அரை கிலோ. பத்தரை கிலோ குறைக்கணும். பத்து வருஷம் டைம் இருக்கு, வருஷத்துக்கு ஒரு கிலோ. முடியும் சார்.

---

நைட் டியூட்டி | 20 அக்டோபர் 2025, அதிகாலை 4.05

வருஷத்துக்கு ஒரு கிலோன்னு கணக்குப் போட்ட ஆளை இப்பத்தான் பார்க்கறேன். 70 வயசுல முதல் தடவையா எல்லாம் ரெடி ஆகி நிப்பீங்க, கடைசி வருஷம் ஸ்லாட் கிடைக்கலைன்னா? ஒரே வருஷத்துல குறைங்க. கிணத்துல தனியா மட்டும் இறங்காதீங்க, ஒரு கேன் கழட்டினதும் வர்ற தைரியம்தான் ஆபத்து. எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள். இன்னைக்கும் டியூட்டிதான்.

---

சுந்தரி டீச்சர் | 14 ஜனவரி 2026, காலை 8.10

போகி. நோட்டை எடுத்தாச்சு. இந்த வருஷம் ஒண்ணு அடிச்சேன் (பரதநாட்டியம் மேடை ஏறிப் பார்க்கற ஆசை, யாரும் சிரிக்காதீங்க, பதினொரு வயசுலேர்ந்து எழுதாம வெச்சிருந்தது), ஒண்ணு சேர்த்தேன். 2030 குறிஞ்சி. அப்ப எனக்கு 69, உத்தரமேரூர் சபையில நிக்கவே தகுதி இருக்கற வயசு. கொடைக்கானல் பக்கம் போகலாம்னு எங்க ஞாயித்துக்கிழமைக் குழு முடிவு பண்ணியிருக்கோம். பவானிக்கரையான் ஐயா, வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, சைக்கிள் எந்த மட்டுக்கு இருக்கு?

---

பவானிக்கரையான் | 14 ஜனவரி 2026, பகல் 12.20

மில்லு கிரவுண்டுல ரெண்டு சுத்து வந்துட்டாங்க. என்னைப் பின்னால சீட்டைப் புடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப சின்னவ வீட்டுல. ஆறாம் நாள். இன்னும் போன் வரலை, நானாக் கூப்பிடவும் கூடாதுன்னு உத்தரவு. கொடைக்கானலுக்கு எங்க ரெண்டு பேரையும் சேத்துக்குங்க.

---

குறுக்குக்_கேள்வி | 14 ஜனவரி 2026, இரவு 9.15

நான்தான். பழைய கேள்விதான். 14-ஐ டிக் பண்ணிட்டீங்களா?

---

பவானிக்கரையான் | 14 ஜனவரி 2026, இரவு 9.27

இல்லீங்க. சர்வீஸ் இன்னும் அவன் பேர்லதான் இருக்குது. நாளைக்கு மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிக்க வரச் சொல்லியிருக்கான்.

---

குறுக்குக்_கேள்வி | 14 ஜனவரி 2026, இரவு 9.50

சரி. இன்னொண்ணு கேக்கணும், லிஸ்ட்டெல்லாம் போடலை, சும்மாதான் கேக்கறேன். அந்த கேன் அஞ்சு லிட்டரா, பத்து லிட்டரா?

---

பவானிக்கரையான் | 14 ஜனவரி 2026, இரவு 9.53

உங்க எடை எவ்வளவு?

---

குறுக்குக்_கேள்வி | 14 ஜனவரி 2026, இரவு 9.54

78.

---

பவானிக்கரையான் | 14 ஜனவரி 2026, இரவு 9.58

அஞ்சு லிட்டர், ரெண்டு கட்டுங்க. மூடியில மெழுகு ஊத்த மறந்துராதீங்க.